கல்லாவில் அமர்ந்திருப்போர் உடல் எடையைக் குறைக்கும் வழி



சரக்கு சேவை வரி, உரிமம் புதுப்பித்தல், தராசுக்கு முத்திரை, வங்கிக் கடன் ஆகியவை பற்றி நம் சங்க இதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். இம்முறை வேறொரு கணக்கைப் பார்ப்போம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்பின் கணக்கு அது.

நம்மில் பெரும்பாலோர் நடத்துவது ஒரே ஒருவரை நம்பிய கடை. எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, எந்த மில் அரிசி சோறு பொலபொலவென்று வரும், எந்தக் கம்பெனி சேல்ஸ்மேன் எந்தக் கிழமை வருவார் என்பதெல்லாம் பாதி நோட்டிலும் பாதி முதலாளியின் தலையிலும் இருக்கும். அவர் ஒரு மாதம் படுத்தால் கடையும் படுத்துவிடும்.

எங்களிடம் பல ஆண்டுகள் சரக்கு எடுத்த ஒரு சில்லறை வியாபாரிக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. காலில் ஆணி குத்திய புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வேலூருக்குப் போய்ச் சோதித்த பிறகுதான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரிந்தது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. மாதச் சாமான் வாங்கிய குடும்பங்கள் வேறு கடை பார்த்துக்கொண்டன. வெளியில் நின்ற கடனில் பாதிதான் வசூலானது. எங்களுக்கு வரவேண்டிய பாக்கி நின்றது சிறிய சங்கதி. இருபது வருடம் கட்டிய கடை இரண்டு மாதத்தில் கலைந்ததுதான் பெரிய சங்கதி.

இது அவர் ஒருவரின் கதை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. பகலெல்லாம் உட்கார்ந்தே பிழைக்கும் நம் கூட்டத்தை இதில் சேர்த்துப் பாருங்கள்.

உட்காரும் தொழிலும் அடங்காத பசியும்

நம் ஆரணியில் பட்டு நெய்கிறவரும் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனால் குழித்தறியில் அவர் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். கை நாடாவை ஓட்டிக்கொண்டே இருக்கும். முதுகு வலி, மூட்டு வலி என்று அவருக்கும் நோவுகள் உண்டு. ஆயினும் உண்ட சோற்றுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. கல்லாவில் உட்காருகிறவருக்கு வாயும் விரலும் மட்டுமே வேலை செய்கின்றன.

முன்பு நம் தொழிலிலும் உழைப்பு இருந்தது. மூட்டை பிரிப்பது, கைத்தராசு பிடிப்பது, படியால் அளப்பது, பொட்டலம் மடித்துச் சணல் கட்டுவது, வண்டியிலிருந்து சரக்கு இறக்கும்போது தோள் கொடுப்பது என்று பொழுது போகும். இன்றைக்கு எலெக்ட்ரானிக் தராசு, கம்பெனியிலிருந்தே கட்டி வரும் பாக்கெட், போனில் ஆர்டர், டெம்போவில் டெலிவரி என்றாகிவிட்டது. அரிசிச் சிப்பமும் 26 கிலோவாகச் சுருங்கிவிட்டது. அதையும் கடைப்பையன்தான் தூக்குகிறான். தொழிலிலிருந்து உழைப்பு போய்விட்டது. நம் தட்டில் மட்டும் மூட்டை சுமந்த காலத்துச் சோறு அப்படியே இருக்கிறது.

உழைப்பு குறைந்தால் பசியும் தானாகக் குறையாதா என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகே செங்கைல் என்ற ஊரில் லட்லோ கம்பெனியின் சணல் ஆலை இருந்தது. அந்த ஆலையைச் சேர்ந்த 213 பேர் என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், என்ன எடை இருக்கிறார்கள் என்பதை ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்கெடுத்து 1956-ல் வெளியிட்டார்கள். எழுத்தர், நெசவாளர், கரி சுமப்பவர், கொல்லர் எனப் பலரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். அங்கே கடை போட்டு உட்கார்ந்திருந்த வியாபாரிகளும் இருந்தார்கள்.

உழைக்கிறவர்களிடம் கணக்கு நேராக இருந்தது. அதிகம் உழைத்தவர் அதிகம் சாப்பிட்டார், எடை ஏறவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களிடம் கணக்கு புரண்டது. அவர்கள் மூட்டை சுமப்பவருக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். எடையிலோ அவர்களைவிடப் பலமடங்கு உழைத்தவர்களையெல்லாம் மிஞ்சி நின்றார்கள். உழைப்பு ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் பசி உடம்பின் தேவையைச் சரியாகச் சொல்வதில்லை என்பதே அந்த ஆய்வு சொல்லும் பாடம்.

ஆகவே நம்மைப் போன்றவர்கள் பசியை நம்பிச் சாப்பிடலாகாது. பழுதான தராசை நம்பி வியாபாரம் செய்வது போன்றது அது. இரண்டு காரியம் தேவை. ஒன்று, அளந்து சாப்பிடுவது. மற்றொன்று, தொழிலை விட்டுப் போன அசைவை வீட்டில் திரும்பக் கொண்டுவருவது.

முதலில் இருப்பு எடுங்கள்

இருப்பு எடுக்காமல் கணக்கு தொடங்க முடியாது. இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் நம் கடையிலேயே இருக்கிறது.

சணல் கயிறு ஒன்றை எடுத்து உங்கள் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ள வேண்டாம்; யாரும் பார்க்கப் போவதில்லை. பாதிக் கயிறு வயிற்றைச் சுற்றி வந்து முட்டினால் நல்லது. முட்டாவிட்டால் எடை குறைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அளவு நாடா இருந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

அடுத்து, மூட்டை நிறுக்கும் தராசில் வாரம் ஒருநாள், ஒரே கிழமையில், காலை ஆகாரத்துக்கு முன் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 அடி 5 அங்குலம், அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 63 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 68 கிலோவைத் தொட்டுவிட்டால் அது உடல் பருமன். மேல்நாட்டாருக்கு இதைவிடத் தளர்ந்த அளவு வைத்திருக்கிறார்கள். அதே எடையில் நம்மவர் உடம்பில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் அதிகம் என்பதால் நமக்கு அளவை இறுக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது, இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இதற்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை வாங்குகிற நாம், முப்பது வயதுக்கு மேல் உடம்புக்கும் வருடம் ஒருமுறை முத்திரை வாங்கிக்கொள்வோம்.

மாதச் சாமான் சீட்டே சோதனைச் சீட்டு

மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துச் சொல்வதில் பாதியை, மளிகைக்காரர் ஒரு வீட்டின் மாதச் சாமான் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி போதும் என்கிற ஒருவருக்கு அது சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, நிலக்கடலை, எள் போன்றவை 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம்.

இதை நம் பாஷையில், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு முப்பது நாள் சீட்டாகப் போட்டுப் பார்த்தோம்.

அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து: 30 கிலோ.
பருப்பு, பயறு, கடலை வகைகள்: 10 கிலோ.
நிலக்கடலை, எள், மற்ற கொட்டை வகைகள்: 4 கிலோ.
எண்ணெய், நெய்: சுமார் மூன்றரை லிட்டர்.

உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு வாங்கினால் இன்னும் கூடுதல் நாள் வரவேண்டும். சர்க்கரையும் வெல்லமும் ஒருவருக்கு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம். அதாவது நான்கு பேருக்கு மாதம் 3 கிலோவுக்குள்.

இப்போது உங்கள் வீட்டுச் சாமான் எவ்வளவு போகிறது என்று எழுதிப் பாருங்கள். கடைக்காரர் வீட்டில் சீட்டே கிடையாது. தீர்ந்தவுடன் கடையிலிருந்து எடுத்துப் போவார்கள். அதனால் நம் வீட்டு எண்ணெய்க் கணக்கு நமக்கே தெரிவதில்லை. ஒரு மாதம் மட்டும் வீட்டுக்குப் போகும் சாமானை வாடிக்கையாளர் பேரில் எழுதுவது போல எழுதி வையுங்கள். எண்ணெய் ஆறு ஏழு லிட்டராகவும் பருப்பு மூன்று நான்கு கிலோவாகவும் இருந்தால் தொப்பைக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு விளக்கம். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியை நாம் எல்லோரும் வியாபாரத்தில் சொல்லியிருக்கிறோம். நல்ல எண்ணெயாக வாங்கு என்பதே அதன் பொருள். நிறைய ஊற்று என்பது பொருள் ஆகாது. பாமாயிலாகட்டும், கடலை எண்ணெயாகட்டும், மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயாகட்டும், ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். அரிசிக்கும் சர்க்கரைக்கும் அதில் பாதிகூட இல்லை. எனவே எடை குறைப்பவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் எண்ணெய்ப் பாத்திரம். மாதத்துக்கு உரிய எண்ணெயைத் தனியாக ஒரு பாத்திரத்தில் அளந்து வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சர்க்கரையும் எண்ணெயும் குறைந்தால் நம் வியாபாரம் என்னாவது என்று சிலர் கேட்பார்கள். மேலே உள்ள சீட்டை இன்னொரு முறை பாருங்கள். பத்துக் கிலோ பருப்பு வகையும் நான்கு கிலோ கடலையும் எள்ளும் வாங்குகிற வீடு நம் ஊரில் எத்தனை? உடம்புக்கு ஏற்ற சீட்டு கடைக்கும் நஷ்டம் தராது. வாடிக்கையாளர் நீண்ட நாள் நடமாடுவதும் நமக்கு லாபம்தான்.

அரிசியைப் பகைக்க வேண்டாம், அளக்க வேண்டும்

ஆரணி பட்டுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் பேர்போன ஊர். அரிசி மில்லும் அரிசி மண்டியும் நம் ஊரின் உயிர்நாடி. சோறே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அளவுதான் கேள்வி. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பஜ்ஜி போண்டா, இரவில் தோசை என்றால் நான்கு வேளையும் மாவுப் பண்டம்தான். பளபளப்பாகத் தீட்டிய அரிசியில் தவிடும் நாரும் போய்விடுவதால் அது சீக்கிரம் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றி, மறுபடியும் பசியைக் கிளப்புகிறது.

இதற்கு எளிய வழி தட்டைப் பிரிப்பது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். நம் வழக்கத்தில் சோறு மலையாகவும் பொரியல் மடுவாகவும் இருக்கும். அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால், இரண்டாவது முறை சோறு கேட்கத் தோன்றாது.

ஜவ்வாது மலைச் சாமையும், கேழ்வரகும், கம்பும் நல்ல சரக்குகள். ஆனால் சிறுதானியம் என்பதாலேயே அளவின்றிச் சாப்பிடலாம் என்பது தவறு. சாமைக்கும் அரிசிக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறைகிறது என்பதுதான் ஆதாயம். சாமையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் அந்த ஆதாயமும் போய்விடும்.

கணக்கில் வராத சில்லறை

கல்லாவிலிருந்து சில்லறையாகப் போகும் பணம் எழுதப்படுவதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி வாய்க்குள் போவதும் எழுதப்படுவதில்லை. சேல்ஸ்மேன் வந்தால் ஒரு டீ, லாரிக்காரர் வந்தால் ஒரு டீ, பக்கத்துக் கடைக்காரர் வந்தால் ஒரு டீ. ஆறு டீக்கு இரண்டு கரண்டி வீதம் பார்த்தால் நாளைக்கு 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம் சர்க்கரையை ஒரே ஆள் டீயிலேயே குடித்து முடிக்கிறார். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. இந்த டீச் சர்க்கரை மாதம் 7200 கலோரி. உடம்பு காகிதக் கணக்குப்படி அப்படியே நடப்பதில்லை என்றாலும் பணம் எங்கே போகிறது என்பது விளங்குகிறது அல்லவா?

மாதிரி பார்ப்பதும் இதே ரகம். புதுச் சரக்கு வந்தால் பொட்டுக்கடலையில் ஒரு பிடி, முந்திரியில் நாலு, வெல்லத்தில் ஒரு துண்டு. மிக்சரில் ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம், ஏறக்குறைய 130 கலோரி. அரைமணி நேரம் நன்றாக நடந்து ஒருவர் செலவழிப்பதும் அவ்வளவே.

டீயை விட வேண்டாம். நாளைக்கு இரண்டாகக் குறைத்து, அதையும் சர்க்கரையை முதல் வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒரு கரண்டி, பிறகு அரை என்று இறக்கினால் நாக்கு பழகிவிடும். வருகிறவருக்கு உபசாரம் செய்யும்போது நமக்கு மோரோ, எலுமிச்சைத் தண்ணீரோ, வெறும் தண்ணீரோ எடுத்துக்கொள்ளலாம். மாலைப் பசிக்குச் சுண்டல், வேகவைத்த கடலை, ஒரு கொய்யாப்பழம் ஆகியவை வடை போண்டாவைவிட வயிற்றில் அதிக நேரம் நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிஸ்கட் பாட்டிலையும் மிட்டாய்ப் பாட்டிலையும் கடையின் மறுகோடிக்கு மாற்றி வைப்பதும் பலன் தரும். எழுந்து போய் எடுக்க வேண்டுமென்றால் பாதி நாள் எடுக்க மாட்டோம்.

நேரம் தவறிய சாப்பாடு நம் தொழிலின் சாபம். மதியம் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டு, இரவு கடை சாத்திப் பத்தரை மணிக்கு வயிறு முட்ட உண்டு, பதினோரு மணிக்குப் படுக்கிறோம். இரவுச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கடைக்கே வரவழைத்து எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது பலருக்கும் முடிகிற காரியம். வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் மோர் போதும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டிலேயே இருபது நிமிடம்

தமிழக அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்து மக்களை நடக்க அழைத்தது. நேரம் உள்ளவர்கள் அவசியம் நடக்கட்டும். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் நமக்கு வீட்டுக் கூடமோ மொட்டை மாடியோதான் மைதானம். கருவிகள் வாங்கச் செலவு வேண்டாம். குளிப்பதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. நின்ற இடத்திலேயே கை வீசி மூன்று நிமிடம் நடை. உடம்பு சூடேறும்.

2. உறுதியான மர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல். பத்து முறை, சற்று ஓய்ந்து மறுபடி பத்து முறை. முழங்கால் நன்றாக உள்ளவர்கள் இதற்குப் பதில் பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமே போடலாம்.

3. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, இரண்டடி தள்ளி நின்று, தண்டால் எடுப்பது போல மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புதல். பத்து முறை, இரண்டு தடவை.

4. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். பதினைந்து முறை, இரண்டு தடவை.

5. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தி இறக்குதல். பத்து முறை, இரண்டு தடவை. பழகியபின் இரண்டு கிலோ ஆக்கலாம்.

6. மாடிப்படி ஏறி இறங்குதல் ஐந்து நிமிடம். மாடி இல்லாதவர்கள் வாசல் படி ஒன்றிலேயே ஏறி இறங்கலாம்.

7. கடைசியாகக் கை கால்களை நீட்டி, முதுகை வளைத்து, நிதானமாக மூச்சு விட்டு முடித்தல்.

பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் இப்படிப்பட்ட உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. தினமும் இருபது நிமிடமும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையும் சேர்ந்தால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். சாப்பிட்டவுடன் நடப்பது இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். குடோனைச் சுற்றி நடந்தால் சரக்கு மேற்பார்வையும் ஆயிற்று.

வீட்டில் பெண்களும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும். கடையில் பாதி வேலையும் வீட்டில் முழு வேலையும் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் உடம்பைக் கவனிக்க நேரமே கிடைப்பதில்லை. அவர்கள் பயிற்சி செய்யும் இருபது நிமிடம் அடுப்பையும் பிள்ளைகளையும் நாம் பார்த்துக்கொள்வது முறை.

கடையிலும் அசைவு வேண்டும். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களையும், நாள் முழுதும் படியேறி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே கம்பெனி. ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் நடந்தார். எனவே போனில் பேசும்போது எழுந்து நின்று பேசுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு சரக்கை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஆனால் பழைய நினைப்பில் திடீரென்று மூட்டை தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு குறைந்தால் போதும்?

பத்து நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்யும் பவுடர்களை நம்பாதீர்கள். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைய அவசரப்பட வேண்டாம். எண்பது கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நல்ல மாற்றம் தெரியும். முதல் இரண்டு மாதம் இறங்கிய எடை பிறகு அசையாமல் நிற்பது இயல்பு. அப்போது கயிற்றை எடுத்து வயிற்றை அளந்து பாருங்கள். தராசு காட்டாததைக் கயிறு காட்டும்.

எடை பெரிதாக இறங்காவிட்டாலும் முயற்சி வீண் போவதில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணமாக விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினம் அரைமணி நடை, சர்க்கரையும் எண்ணெயும் மைதாவும் குறைத்த சாப்பாடு என்று வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவும் இல்லை. பழக்கம் மாறியதே பாதுகாப்பு கொடுத்தது.

சில எச்சரிக்கைகள் அவசியம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். இதய நோய் உள்ளவர்களும், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு கல்லாவில் உட்காராதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் கடையில் வெறுங்காலோடு நடக்காமல், இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

வணிகர்களாகிய நமக்கு அளப்பதும் எழுதுவதும் புதிதல்ல. ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுக்கிறோம். இந்த மாதம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் பேரை எழுதி, எடை, வயிற்றளவு, வீட்டுக்குப் போன எண்ணெய், சர்க்கரை, பருப்பு ஆகிய ஐந்தையும் குறித்து வைப்போம். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எழுதுவோம். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று காலண்டரில் அச்சடித்து வருடா வருடம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் காலண்டர் நமக்கும் சேர்த்துத்தான்.